ரெண்டு ஸ்டெப்னி

என்ன டாக்டர் சார், ஏறாம வண்டிக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருக்கீங்க? ரெண்டு ஸ்டெப்னி எதுக்குன்னா? ஏறுங்க, சொல்றேன். முன் சீட்டுலயே உக்காருங்க. அந்த ஊசி மருந்துப் பெட்டிய மடியில வச்சுக்கிருங்க. கீழ வச்சீங்கன்னா இந்தப் பாதை குதிக்கிற குதியில மருந்தெல்லாம் நொறுங்கிப் போயிரும். சிட்டம்பாறையில கோமாரி ஊசின்னு நேத்தே சொல்லியாச்சு, மாட்டைக் கட்டிப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருப்பாக. போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பேச நேரமிருக்கு.

என் பேரு பவுன்தாய். போடியில இருந்து இந்த மலைக்கு ஓடுற ஒன்பது ஜீப்புல, பொம்பள ஓட்டுற ஜீப்பு இது ஒன்னுதான். எங்க வீட்டுக்காரர் மேல காப்பித் தோட்டத்துல மேஸ்திரி. அவருக்கு வண்டின்னாலே பயம், வளைவு வந்தா கண்ண மூடிக்கிருவாரு. நல்ல மனுசன். அவரு இந்தக் கதையில வர மாட்டாரு.

வர்றது எங்கண்ணன். தங்கமாயன். ஜீப்பு ஸ்டாண்டுக்குத் தலைவர் அவருதான். அவருக்குத் தங்கம், எனக்குப் பவுனுன்னு பேரு வச்சாக. பேருல இருக்கிற ஒத்துமை அதோட சரி. எங்கப்பா சாகும்போது ரெண்டு ஜீப்பு இருந்துச்சு. ஒன்னு அண்ணனுக்கு, ஒன்னு எனக்குன்னு அவரே வாயால சொல்லிட்டுத்தான் போனாரு. அண்ணன் மறுப்புச் சொல்லல. அதையும் சொல்லணும்ல. ஆனா என்ன சொன்னாருன்னு கேளுங்க. "வண்டி உனக்குத்தான் பவுனு. ஆனா மலைக்கு ஒரு ட்ரைவரப் போட்டுக்க."

எனக்கு ட்ரைவரு! நான் இந்த மலையில ஸ்டேரிங் பிடிச்சுப் பதினாறு வருசம் ஆகுது. ஏறுன ஒருத்தர் மேல ஒரு கீறல் விழுந்ததில்ல. ஒரு ஹெட்லைட்டு உடைஞ்சது. அதைப் பின்னாடி சொல்றேன்.

போன ஆடியில என் வண்டியோட பின் ஆக்சில் ஒடிஞ்சு போச்சு. பதினொரு மிளகு மூட்டை, நாலு ஆளு. பன்னிப்பாறை வளைவுல "மளுக்"னு ஒரு சத்தம். எலும்பு முறிஞ்ச மாதிரி. இது எங்கப்பா காலத்து வண்டி, இதுக்கு ஆக்சில் தேடுறது புதையல் தேடுற மாதிரி. போடி, தேனி, மதுரைன்னு காயலாங்கடை காயலாங்கடையா ஏறி இறங்குனேன். கிடைக்கல. கடைசியில மதுரையில ஒரு கடையில வேற வண்டி ஆக்சில் ஒன்னு கிடந்துச்சு. அகலம் ஒத்து வந்துச்சு. உள்ள பல்சக்கரத்துப் பல் கணக்கும் ஒத்து வந்துச்சு, அது ஒத்து வரலேன்னா நாலு சக்கரமும் சேந்து இழுக்கிறப்ப கியரு பாக்ஸு நொறுங்கிப் போகும். டயர் உயரமும் ஒத்து வந்துச்சு.

ஒத்து வராதது ஒன்னே ஒன்னு. ஓட்டை.

என் வண்டிச் சக்கரத்துக்கு அஞ்சு ஓட்டை. அஞ்சு போல்ட்டு உள்ள போயி, அஞ்சு நட்டு மாட்டுறது. மதுரை ஆக்சிலுக்கு ஆறு ஓட்டை. அதனால முன்னாடி ரெண்டும் அஞ்சு ஓட்டைச் சக்கரம், பின்னாடி ரெண்டும் ஆறு ஓட்டைச் சக்கரம். முன்னாடியும் ஆறா மாத்திரலாமேன்னா, அதுக்கு இன்னொரு புதையல் தேடணும். ஆறு ஓட்டைய அஞ்சா மாத்த நடுவுல தகடு வச்சு ஒட்டுப் போட்டு ஓட்டலாமேன்னும் கேட்டேன். எங்க சிக்கந்தர் பாய், போடியில வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. "மலையில லோடு ஏத்துற வண்டிக்கு அந்த வேலை நான் செய்ய மாட்டேன் தாயி"ன்னாரு.

சரி. வண்டி ஓடுதுல்ல? ஓடட்டும்னு ஸ்டாண்டுக்கு எடுத்துட்டு வந்தேன். ஒவ்வொருத்தனா வந்து முன்னாடி குனிஞ்சு எண்ணுறான், பின்னாடி குனிஞ்சு எண்ணுறான். ஜோசியம் பாக்குற மாதிரி. எங்கண்ணன் மட்டும் குனியல. நின்ன இடத்துல நின்னே கேட்டாரு.

"வழியில பஞ்சரானா எதை மாட்டுவ?"

"ஸ்டெப்னிய."

"எந்த ஸ்டெப்னிய? அஞ்சா, ஆறா?"

மத்த ஜீப்புக்காரன் அம்புட்டுப் பேரும் நிக்கிறான். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் மாறி மாறிப் பாத்தேன். அப்புறம் சொன்னேன், "ரெண்டையும் கொண்டு போவேன்."

"வித்துரு பவுனு"ன்னாரு. "நல்ல வண்டியாப் பாத்து நான் வாங்கித் தர்றேன்."

யாருக்கு வேணும் அவரு வாங்கித் தர்ற வண்டி? எங்கப்பா குடுத்தத வித்துட்டு, அண்ணன் குடுத்ததுல ஏறணுமாக்கும். அப்புறம் ஒரு டீ குடிக்கக்கூட அவருகிட்டக் கேட்டுட்டுத்தான் குடிக்கணும். முடியாதுன்னுட்டேன்.

தலையக் குனிங்க சார், கிளை வருது. ஆங். இந்த மழைக்கு எல்லாம் ரோட்டு மேலயே வந்து படுத்துக்கிருச்சு.

ஜீப்புக்குப் பின் கதவு பாத்திருப்பீங்க. அதுல ஒரு தகடு, தகட்டுல மூணு போல்ட்டு நீட்டிக்கிட்டிருக்கும். ஸ்டெப்னியோட அஞ்சு ஓட்டையில மூணு ஓட்டை அதுல போய் உக்காரும், நட்டு மாட்டினா முடிஞ்சது. ஆறு ஓட்டைச் சக்கரத்த அதுல வச்சா ஒரு போல்ட்டு நுழையும், மத்த ரெண்டும் தகரத்துல முட்டும். அதனால அஞ்சு ஓட்டையப் பின்னாடி மாட்டிட்டு, ஆறு ஓட்டைய வண்டிக்குள்ள போட்டேன்.

ஏறுனவுக விட்டாகளா? "காலை எங்க வைக்க?" "பிள்ளைய எங்க வைக்க?" ஒரு கிழவி அந்தச் சக்கரத்து மேலயே சம்மணம் போட்டு உக்காந்து சிட்டம்பாறை வரைக்கும் வந்துச்சு. ஒரு நாள் வளைவுல சக்கரம் நகந்து ஒரு வாத்தியார் கட்டை விரல்ல ஏறிருச்சு. கீறல் இல்ல சார், வீக்கம்தான். வீக்கத்துல சேக்கணும் அதை. ஆனா அதுக்கப்புறம் ஆளு என் வண்டியப் பாத்தா அடுத்த வண்டிக்குப் போயிருவாக.

இதுல ஸ்டாண்டுக்காரய்ங்க பேச்சு வேற. ஸ்டெப்னின்னா ஆம்பளைங்க பேச்சுல வேற அர்த்தமும் இருக்குல்ல, உங்களுக்குத் தெரியாததா. "நம்மகிட்ட ஒன்னுதான் இருக்கு, பவுன்தாயி ரெண்டு ஸ்டெப்னி வச்சிருக்கு டோய்"ன்னு ஒருத்தன் சொல்ல, அம்புட்டுப் பேரும் சிரிக்க. நான் ஜாக்கிக் கம்பியக் கையில வச்சுக்கிட்டு நடுவுல போய் நின்னேன். "ஆமா, ரெண்டு வச்சிருக்கேன். ரெண்டுக்கும் காத்து நான்தான் அடிக்கிறேன். உனக்கென்ன?" அடுத்த நாள்ல இருந்து அந்தச் சிரிப்பு இல்ல. சொன்னவன் ரெண்டு வாரமா ஸ்டாண்டுப் பக்கமே வரல. அண்ணன் அவனோட டர்னை, சவாரி போற முறைய, நிறுத்திட்டாருன்னு பேசிக்கிட்டாக. அது வேற எதுக்காச்சும் இருக்கும். எனக்காக அவரு எதுக்குச் செய்யப் போறாரு?

உள்ள வைக்க முடியல, சரி, ரெண்டையும் வெளியவே மாட்டுவோம்னு பாய்கிட்டப் போனேன். அவரு வேணாம் வேணாம்னாரு. "கதவு தாங்காது தாயி, அது தகரம்." நான் கேக்கல. பழைய தகட்டு மேல இன்னொரு தகடு வச்சு, நீளமா மூணு போல்ட்டு ஆறு ஓட்டைக் கணக்குல வெல்டு வைக்கச் சொன்னேன். அஞ்சு ஓட்டை அடியில, ஆறு ஓட்டை மேல. பாக்க என்ன லட்சணமா இருந்துச்சு தெரியுமா! நாலு நாள் ஓடுச்சு. நாலு நாளும் ராணி மாதிரி போனேன்.

அஞ்சாவது நாள், ஆவணி மாசம், காலை பத்து மணி இருக்கும். மஞ்சனாத்தி ஓடையத் தாண்டி ஒரு பாறைப் படி இருக்கு, இப்ப வரும், பாப்பீங்க. அதுல ஏறுறேன். பின்னாடி "படார்"னுச்சு. கதவோட கீலு ரெண்டும் பிஞ்சு, கதவும் ரெண்டு சக்கரமும் ஒன்னாக் கழண்டு போச்சு. கதவு ரோட்டுல விழுந்துருச்சு. அஞ்சு ஓட்டை புதருக்குள்ள போயிருச்சு. ஆறு ஓட்டை இருக்கே, அது நேரா நிமிந்துக்கிட்டு, ஆளு இறங்கி நடந்து போற மாதிரி இறக்கத்துல போகுது. கண்ணாடியில பாக்குறேன், என்னால ஒன்னும் செய்ய முடியல. கீழ ஒரு வண்டி ஏறி வருது. எட்டுப் பேரு. யாரு வண்டி?

எங்கண்ணன் வண்டி.

அவரு வண்டிய மலைப் பக்கமா ஒடிச்சுப் பாறையோட ஒட்டிக்கிட்டாரு. சக்கரம் போய் ஹெட்லைட்டுல ஒரே அடி, அப்புறம் சரிஞ்சு படுத்துக்கிருச்சு. ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல. நான் இறங்கி ஓடுறேன். அவரும் இறங்கி நிக்கிறாரு. திட்டுவாருன்னு பாத்தா, திட்டல. என் வண்டியச் சுத்தி வந்தாரு, என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. அடி பட்டிருந்தா நல்லாருக்கும்னு தேடுற மாதிரி. அப்புறம் சக்கரத்த நிமித்தி, அம்புட்டு மேட்டையும் உருட்டிக்கிட்டே ஏத்திக் கொண்டாந்து என் வண்டிக்குள்ள போட்டாரு. மூச்சு வாங்குது. கோவத்துல.

"இனி உனக்கு டர்ன் கிடையாது"ன்னாரு. "ரெண்டு சக்கரமும் ஆடாம நிக்கிற வரைக்கும் நீ மலை ஏறக் கூடாது."

"யாருக்குக் கிடையாது? எனக்கா? எங்கப்பன் பாதையில?"

"எனக்கும் அவரு அப்பன்தான்"ன்னுட்டு ஏறிப் போயிட்டாரு.

நாப்பத்தியொரு நாள் சார். நாப்பத்தியொரு நாள் ஒரு ஆளு, ஒரு மூட்டை ஏத்தல. நானும் போய்க் கெஞ்சல. மதினி, அண்ணன் பொண்டாட்டி, அது மட்டும் வந்து வந்து நிக்கும். அரிசி கொண்டு வந்துச்சு, திருப்பி அனுப்புனேன். "உங்கண்ணன் சரியாச் சாப்பிடுறதில்ல பவுனு"ங்கும். சாப்பிடாம இருந்தா எனக்கென்ன? நான்தான் சாப்பிடாதன்னு சொன்னேனா?

தினமும் பாய் பட்டறைக்குப் போயிருவேன். அவரும் நானும் சாக்பீஸ் வச்சுத் தரையில வரைஞ்சு வரைஞ்சு அழிப்போம். அஞ்சு ஓட்டைக்கும் ஆறு ஓட்டைக்கும் பொதுவா ஓட்டைய நீட்டி வெட்டுன தகடு ஒன்னு செஞ்சு பாத்தாரு, ஆடுச்சு. கூரை மேல ஒன்னு உள்ள ஒன்னுன்னு மாத்திப் பாத்தாரு, வேலைக்கு ஆகல. என் வீம்புக்கு அவரு பட்டறையில பாதி இரும்பு வீணாப் போச்சு.

ஒரு நாள் தேனிக்கு டயர்க் கடைக்குப் போனேன். அங்க சக்கரத்தச் சுழல விட்டு எடை பாக்குற மிஷின் ஒன்னு இருக்குல்ல. ஒருத்தர் காரு சக்கரத்த மாட்டுறாரு, சுத்துறாரு, கழட்டுறாரு. அடுத்து வேனு சக்கரம். அடுத்து வேற ஒன்னு. நாலு ஓட்டை, அஞ்சு ஓட்டை, ஆறு ஓட்டை. அந்த மிஷினு எத்தனை ஓட்டைன்னு கேக்கவே இல்ல சார்! ஏன்னா அது சுத்தி இருக்கிற ஓட்டையத் தொடவே இல்ல. நடுவுல இருக்கிற பெரிய ஓட்டையில கம்பிய விட்டு, ஒரு கூம்ப வச்சு அமுக்கி, ஒரே நட்டு. கூம்பு இருக்கிறதால ஓட்டை பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் தானா நடுவுல உக்காந்துக்கிரும்.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. சுத்தி எத்தனை ஓட்டை இருந்தா என்ன, எந்தச் சக்கரத்துக்கும் நடு ஓட்டை ஒன்னுதானே? டயர் வாங்கப் போனவ வாங்காம ஓடியாந்து பாய் முன்னாடி நின்னேன். சொல்லி முடிக்கல, அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன தாயி"ன்னாரு. எனக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு முப்பது நாளு தரையில கோடு போடுறேன்!

அப்புறம் வேலை ஓடுச்சு. கதவ நம்பவே கூடாதுன்னு முடிவு பண்ணுனோம். வண்டிக்கு அடியில சேஸ் இருக்கே, அடிச்சட்டம், அதுல இருந்து தடியா ஒரு கை. கேட்டு மாதிரி வெளிய திரும்பும், சக்கரத்தோட தள்ளி வச்சுட்டுக் கதவத் தனியாத் தொறந்துக்கலாம். அந்தக் கையில நடுக்கம்பி. அதுக்கு நல்ல இரும்பு வேணும், வளையாத இரும்பு. பாய் "லாரி ஆக்சில் கம்பிதான் சரி, ஆனா கிடைக்கணுமே"ன்னு தலையச் சொறிஞ்சாரு. ரெண்டு நாள் கழிச்சுப் போனா பட்டறையில முழுசா ஒரு கம்பி கிடக்கு. எண்ணெய் பூசி, சாக்குல சுத்தி. "எங்க பாய் கிடைச்சது?"ன்னேன். "கிடந்துச்சும்மா"ன்னாரு. என் முகத்தப் பாக்காமச் சொன்னாரு. என் அதிர்ஷ்டம், அந்தச் சமயத்துல கிடந்துச்சு. இல்லேன்னா எங்கண்ணன் நினைச்சதுதான் நடந்திருக்கும். அந்த வாரம் பாத்தா அவரு வண்டி பட்டறை வாசல்ல ரெண்டு தடவை நிக்குது. வேவு பாக்குறது. தங்கச்சி எங்க வரைக்கும் வந்திருக்கான்னு.

கம்பிய லேத்துல கடைஞ்சு மரை போட்டு, கூம்பு ரெண்டு கடைஞ்சு, எல்லாம் மாட்டுனோம். முதல்ல அஞ்சு ஓட்டைச் சக்கரம், அதுக்குக் கூம்பு. அப்புறம் ஆறு ஓட்டை, அதுக்குக் கூம்பு. கடைசியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நட்டு. எட்டி உதைச்சேன். என் கால்தான் வலிச்சது.

நாப்பத்திரெண்டாவது நாள் ஸ்டாண்டுக்குக் கொண்டு போயி நடுவுல நிறுத்துனேன். "தலைவர் வந்து பாக்கட்டும்"ன்னேன். அண்ணன்னு சொல்லல. தலைவர்.

வந்தாரு. செருப்பக் கழட்டுனாரு. சக்கரத்து மேல கால வச்சு ஏறுனாரு. தொண்ணூறு கிலோ இருப்பாரு சார். ஏறி, மேல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிறாரு. ஒன்னு, ரெண்டு, மூணு. வண்டி கெடந்து துள்ளுது. எல்லாரும் வேடிக்கை பாக்குறாய்ங்க. வேர்த்து ஊத்துது அவருக்கு, நிறுத்தல. என்ன கெட்ட எண்ணம் பாருங்க. உடைக்கணும்னே வந்திருக்காரு. இருபது குதி குதிச்சாரு. நான் எண்ணுனேன். அந்த இரும்புக் கை இம்மி அசையல.

இறங்குனாரு. நான் சும்மா இருப்பேனா? "போதுமா, இல்ல மதினியையும் கூட்டிட்டு வந்து குதிக்கச் சொல்லவா?"

குத்த வச்சு உக்காந்து அந்த நட்டையே பாத்தாரு. "இது அதிர அதிரக் கழலும். குறுக்க ஒரு ஓட்டை போட்டுப் பின்னு மாட்டு"ன்னாரு. குத்தம் கண்டுபிடிக்காம அவரால போக முடியாது. என்கூட வந்திருந்த பாயி உடனே, "அது நான் யோசிக்காமப் போயிட்டேனே"ன்னு ஓட்டை போடக் கிளம்பிட்டாரு. அவரும் அந்தக் கட்சிதான். பின்னு மாட்டுனதும் அண்ணன் கையால இழுத்துப் பாத்துட்டு, போர்டுல என் பேர எழுதுனாரு. அன்னைக்கு முதல் டர்ன். அவரோட டர்ன் அது. விட்டுக் குடுத்தாருன்னு சொல்றாய்ங்க. முதல் வண்டியாப் போனா வழியில கவுந்தா எல்லாரும் பாக்கலாம்ல, அதுக்குத்தான்.

இந்தா, மஞ்சனாத்தி ஓடை. கெட்டியாப் பிடிச்சுக்கிருங்க. இப்ப மாசியில முழங்காலுக்குத் தண்ணி. கார்த்திகையில பாக்கணும் இத.

போன கார்த்திகையில, மூணு நாள் மழை விட்டு விட்டுப் பெஞ்ச நேரம். மத்தியானம் ரெண்டு மணி. நான் மேல இருந்து இறங்கி வர்றேன். ஓடைக்கு நடுவுல, இந்தா இந்த இடம், எங்கண்ணன் வண்டி நிக்குது. உள்ள பத்துப் பேரு. காப்பிப் பழம் பறிக்கப் போன பொம்பளைங்க, அதுல ரெண்டு பேரு கைப்பிள்ளைக்காரிங்க. தண்ணிக்குள்ள இருந்த பாறை கிழிச்சு, முன் சக்கரம் டயரும் போச்சு, ரிம்மும் நெளிஞ்சு போச்சு. ஸ்டெப்னிய மாட்டக் கூடாதான்னு கேப்பீங்க. காலையில ஏறும்போதே ஒரு சக்கரம் பஞ்சராகி ஸ்டெப்னிய மாட்டிட்டாரு. பின்னாடி தொங்குறது அந்தப் பஞ்சர் சக்கரம். தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. மேல மலையில கறுத்துக்கிட்டு நிக்குது மேகம். போனுக்கு இங்க சிக்னல் கிடையாது. பின்னாடி வேற வண்டி இல்ல.

நான் வண்டியக் கரையில நிறுத்தித் தண்ணிக்குள்ள இறங்குனேன். பொம்பளைங்க, பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா நானும் அவரும் கை கோத்துக் கரையேத்துனோம். கடைசி ஆளு ஏறுனதும், வண்டி மட்டும் நிக்குது. அப்ப தண்ணி ஆக்சிலுக்கு மேல. இன்னும் அரை மணி நேரம் நின்னா வண்டியப் பள்ளத்துல போய்ப் பொறுக்கணும். எங்கப்பா வண்டி சார் அதுவும்.

"வேணுமா?"ன்னேன்.

அவரு என் வண்டிப் பின்னாடி பாத்தாரு. அஞ்சு ஓட்டை. "அதைக் குடுத்துட்டா இறங்குறப்ப உன் முன் சக்கரத்துக்கு?"

"நான் கேட்டது, வேணுமா."

வேணும்னு சொல்லல. ஜாக்கிய எடுத்துத் தண்ணிக்குள்ள குனிஞ்சாரு. அதுதான் அவரு கேக்குற விதம். போயி நட்டைக் கழட்டி, கூம்பை எடுத்து, ஆறு ஓட்டைய இறக்கிட்டு அஞ்சு ஓட்டையத் தூக்கியாந்தேன். நான் சக்கரத்தப் பிடிக்க, அவரு தண்ணிக்குள்ள தடவித் தடவி நட்டு மாட்டுறாரு. அஞ்சுல ஒரு நட்டு தண்ணியோட போயிருச்சு, நாலோட கிளப்புனாரு. வண்டி உறுமிக்கிட்டுக் கரையேறுச்சு. ஏறி நின்னு கால் மணி நேரம் இருக்காது, மேல இருந்து செந்தண்ணி வந்துச்சு பாருங்க, மரத்தோட. அந்தப் பொம்பளைங்க போட்ட சத்தம் இப்பவும் காதுல கேக்குது.

அவரு ஈரத் துண்டப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னாரு, "மூணு நிமிசத்துல கழட்டிட்ட."

பாராட்டா? அதெல்லாம் இல்ல சார். எரிச்சல். எனக்குத் தெரியாதா அவரு குரலு.

மறுநாள் சக்கரத்தத் திருப்பி அனுப்புனாரு. மதினி ஆட்டோவுல வச்சுக் கொண்டாந்துச்சு. பாத்தா என் டயரக் கழட்டிட்டுப் புது டயரு போட்டு அனுப்பிருக்காரு. என் டயருக்கு என்ன கேடு? அதுல இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம். ஒரு நன்றின்னு சொல்ல வாய் வராது, டயர மட்டும் மாத்தி அனுப்பத் தெரியும். திருப்பி அனுப்பலாம்னுதான் பாத்தேன். மதினி கண்ணக் கசக்குச்சு. சரி, மதினிக்காக வச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் புதுசா ஒன்னு ஆரம்பிச்சிருக்காரு. அந்தா, மேல பாருங்க, பன்னிப்பாறை வளைவு. பச்சை ஜீப்பு நிக்குதா? அவருதான். எனக்கு முந்துன டர்னாப் பாத்து எடுத்துக்கிட்டு, அந்த வளைவுக்கு மேல போயி வண்டிய ஓரங்கட்டி நின்னுக்கிருவாரு. நான் ஏறி முடிக்கிற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டுப் பாப்பாரு. என் ஆக்சில் ஒடிஞ்ச இடம்ல, மறுபடியும் ஒடியும்னு நப்பாசை. கார்த்திகையில இருந்து தினமும் நிக்கிறாரு. நானும் தினமும் ஏறிக் காட்டுறேன்.

பிடிச்சுக்கிருங்க, ஏறப் போறோம்.

ம்ம். ஏறிருச்சு பாத்தீங்களா?

இப்ப அவரு வண்டியத் தாண்டுறப்ப பின்னாடி பாருங்க. பாத்தீங்களா? அதே கை, அதே கம்பி, அதே கூம்பு. அப்படியே என்னோடதப் பாத்துச் செஞ்சது. பாய்கிட்டக் கேட்டா, "தலைவர் கேக்குறாரு, நான் என்னம்மா செய்ய"ங்குறாரு. அதுகூடப் பரவாயில்ல. வெளிப்பக்கம் ரெண்டாவதா ஒரு சக்கரம் மாட்டிருக்காரே, அதோட ஓட்டைய எண்ணுங்க. ஆறு. அவரு வண்டிக்கு நாலு சக்கரமும் அஞ்சு ஓட்டை. இந்த மலையிலேயே ஆறு ஓட்டை வண்டி என்னோடது ஒன்னுதான். தனக்குப் பொருந்தாத சக்கரத்த ஒரு மனுசன் எதுக்கு ஏத்தத்துலயும் இறக்கத்துலயும் சொமந்துக்கிட்டு அலையணும்? வீம்பு. தங்கச்சி ரெண்டு வச்சிருக்கா, தானும் ரெண்டு வைக்கணும்.

என்ன சார், என்னையவே பாக்குறீங்க? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. மதினியும் அதையேதான் சொல்லுச்சு. நான் கேக்க மாட்டேன். என் பின் சக்கரம் ரெண்டும் ஒன்னா வெடிச்சாலும் உருட்டிக்கிட்டே போடிக்கு நடப்பேனே தவிர, அந்தச் சக்கரத்தக் குடுன்னு அவருகிட்டப் போய் நிக்க மாட்டேன். அவரா தூக்கியாந்து மாட்டுனா மாட்டட்டும். அது அவரு இஷ்டம்.

ஹார்னா? அது வளைவுக்கு அடிச்சது சார். வளைவுன்னா அடிக்கணும்.

அவரும் அடிச்சாரா? அடிக்கட்டும்.